நீர்த் தொட்டியும் நீதித் தராசும்





நம்மவர் கடைகளிலும் வீடுகளிலும் கண்ணாடி மீன்தொட்டி இன்று ஓர் அங்கமாகிவிட்டது. சாப்பாட்டுக் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்று. அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் ஒன்று. நீர்ச்செடிகளை நட்டுத் தொட்டிக்குள் தோட்டம் போடுவோர் சிலர். உப்புநீர் நிரப்பிப் பவளமும் கோமாளி மீனும் வளர்ப்போர் சிலர். ஜொகூரிலும் பினாங்கிலும் தரை வீடு உள்ளவர்களோ கொல்லையில் குளம் கட்டிக் கோய் மீன் விடுகிறார்கள். “இது மார்க்கத்தில் கூடுமா? பணத்தையும் நேரத்தையும் இதில் போடுவது வீண்விரயம் ஆகாதா?” என்று சகோதரர்கள் கேட்கிறார்கள். ஒரே சொல்லில் விடை கூறிவிட்டு நகர நாம் விரும்பவில்லை. ஏனெனில், கூடும் கூடாது என்பதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இதில் அடங்கியிருக்கிறது.

முதலில் கேள்விக்கு விடை கூறுவோம். அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் என்னும் சிறுவர் ஒரு சிறு குருவியை வளர்த்து வந்தார். அது இறந்துபோனபோது நாயகம் (ஸல்) அவர்கள் அந்தப் பிள்ளையின் துயரத்தை அறிந்து, குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். வளர்த்தது தவறு என்று கடிந்து கொள்ளவில்லை. இரையும் நீரும் கொடுத்துத் துன்புறுத்தாமல் வைத்திருந்தால் உயிர்களை வளர்ப்பது ஆகும் என்பதற்கு உலமாக்கள் இந்த ஹதீஸை ஆதாரமாகக் கொள்கிறார்கள். ஆனால் இதன் மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். பூனையை அடைத்து வைத்துச் சாகவிட்ட ஒரு பெண் அதன் காரணமாகவே நரகம் புகுந்ததாக புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ளது. அவள் செய்த குற்றம் யாது? தானும் உணவிடவில்லை, அது வெளியே சென்று தானே இரை தேடிக்கொள்ளவும் விடவில்லை. இவ்விரண்டும் சேர்ந்ததுதான் குற்றம்.

சகோதரர்களே, மீன்தொட்டி என்பது என்ன? தானே இரை தேட முடியாதபடி நான்கு பக்கமும் கண்ணாடியால் அடைக்கப்பட்ட இடம். பூமியிலுள்ள எந்த உயிருக்கும் உணவளிக்கும் பொறுப்பு தன்னுடையது என்று சூரா ஹூதில் அல்லாஹ் அறிவிக்கிறான். ஆற்றில் நீந்தும் மீனுக்கு அந்த ரிஸ்க் ஆயிரம் வழியாக வருகிறது. தொட்டியில் இருக்கும் மீனுக்கோ ஒரே ஒரு வழிதான். அது நம்முடைய கை. அந்தக் கை அமானிதத்தைச் சுமந்த கை.

இனி, தொட்டியின் உள்ளே நடப்பதைச் சற்று கவனிப்போம். அர்ரஹ்மான் சூராவில் வானத்தை உயர்த்தியதைக் கூறும் அல்லாஹ், உடனே தராசை நிலைநிறுத்தியதையும் கூறுகிறான். நிறுவையில் வரம்பு மீற வேண்டாம், குறைக்க வேண்டாம் என்றும் எச்சரிக்கிறான். அதே சூராவில் சில வசனங்கள் தள்ளிக் கடலிலிருந்து வெளிப்படும் முத்தையும் பவளத்தையும் நினைவூட்டுகிறான். தராசு என்றதும் வணிகர்களாகிய நமக்குக் கடைத் தராசுதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தத் தராசு படைப்பு முழுவதிலும் தொங்குகிறது. இரண்டு அடி நீளமுள்ள தொட்டியிலும் அது தொங்குகிறது.

மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் கிடந்து அழுகும் இரையிலிருந்தும் அமோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சுதான். வேறொரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இதன் கொடுமை மிகக் குறைவு. செடிகள் இதனை உரமாக எடுத்துக்கொள்கின்றன. மீனின் கழிவு செடிக்கு உணவு. செடி விடும் பிராணவாயு மீனுக்கு மூச்சு. இந்த நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் நிலைபெறுவதற்கு ஏறத்தாழ 4 முதல் 6 வாரம் செல்லும். அதற்குமுன் அவசரப்பட்டு இருபது மீனை விட்டால், சில நாட்களில் அவை ஒவ்வொன்றாக மிதக்கும்.

அப்போது தண்ணீர் எப்படி இருக்கும் தெரியுமா? பளிங்குபோல் தெளிவாக இருக்கும். அமோனியாவுக்கு நிறம் கிடையாது. “தண்ணீர் இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, மீன் ஏன் சாகிறது?” என்று புதிதாக வளர்ப்போர் திகைப்பது இதனால்தான். மீன் சாகிறதே என்று பதறி, வடிகட்டியின் பஞ்சைக் குழாய்நீரில் அலசி, தண்ணீர் முழுவதையும் மாற்றுகிறார்கள். சிங்கப்பூர்க் குழாய்நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரமின் சேர்க்கப்படுகிறது. ஒரு வாளியில் பிடித்து ஓரிரவு வைத்தால் அது போய்விடாது. அதற்கென உள்ள மருந்தைச் சேர்த்து முறிக்க வேண்டும். இதை அறியாமல் ஊற்றினால் உதவி செய்து வந்த நுண்ணுயிர்களும் மடிகின்றன. தராசு அடியோடு கவிழ்கிறது. நிதானம் உள்ளவரோ வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுவார். எடுத்த நீரைக் கொட்டாமல் பூந்தொட்டிக்கு ஊற்றுவார். இரண்டொரு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே இரை போடுவார். பசியால் இறக்கும் தொட்டி மீன்களைவிட, அன்பின் பெயரால் அளவுமீறிப் போட்ட இரை அழுகி இறக்கும் மீன்களே அதிகம் என்று அனுபவசாலிகள் கூறுகிறார்கள்.

நம்முடைய கணக்குப் புத்தகமும் இப்படித்தான். மேலே பார்த்தால் வரவும் செலவும் தெளிவாக இருக்கும். கலப்படச் சரக்கில் வந்த இலாபம், கொடுக்காமல் இழுத்தடித்த கடன், கணக்கிடாமல் விட்ட ஜக்காத்து ஆகியவை அதற்குள் நிறமில்லாத நஞ்சாகக் கரைந்திருக்கும். பரக்கத்து ஏன் இல்லை என்று பிறகு திகைப்போம்.

பவளத் தொட்டி வைப்போர் இந்தத் தராசை இன்னும் நுட்பமாகக் காண்கிறார்கள். பவளம் கல்லன்று, உயிருள்ள பிராணி. அதற்கு ஆயிரம் பங்கு நீரில் சுமார் 35 பங்கு உப்பு வேண்டும். சூடு 25, 26 பாகைக்கு அருகில் நிற்க வேண்டும். நம் நாட்டு வெக்கையில் தனியாகக் குளிர்விக்கும் இயந்திரம் வைக்காமல் இது நடவாது. கடலில் அல்லாஹ் இலவசமாக நடத்துவதைத் தொட்டியில் நடத்திக் காட்ட மனிதன் மின்சாரக் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்கிறான்! அந்தக் கடலுக்கும் எல்லை உண்டு. வழக்கமான கோடைச் சூட்டுக்குமேல் ஒரு பாகை கூடிச் சில வாரம் நீடித்தால் போதும்; பவளம் வெளிறத் தொடங்குகிறது. சிங்கப்பூர்க் கடலில் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு பவளம் வெளிறியது. ஒரே ஒரு பாகை! நிறுவையில் வரம்பு மீறாதீர் என்னும் எச்சரிக்கையின் கனம் இப்போது விளங்குகிறதல்லவா?

ஆகவே, வாங்கும் பவளமும் மீனும் எங்கிருந்து வந்தன என்று கேட்பது நம் கடமையாகிறது. பிலிப்பீன்சிலும் இந்தோனேசியாவிலும் சயனைடு நஞ்சைப் பாறை இடுக்கில் பீச்சி, மயங்கிய மீனைப் பிடிக்கும் வழக்கம் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. பிடிபட்ட மீன்களிலும் பல பிறகு சாகின்றன. சுற்றியுள்ள பவளமும் மடிகிறது. இந்தச் செய்தி நமக்கு அந்நியமானதன்று. முத்தும் சங்கும் கொண்டு கடல் வாணிபம் செய்த கீழக்கரை மரைக்காயர்களின் வழிவந்தோர் நம்மில் பலர் உண்டு. அந்த மன்னார் வளைகுடாவிலேயே முற்காலத்தில் பவளப் பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்துப் பாழாக்கியதுண்டு. 1986ஆம் ஆண்டில் அங்கே கடல்சார் தேசியப் பூங்கா ஏற்பட்டது. 2001ஆம் ஆண்டு முதல் இந்தியச் சட்டம் கல்பவளங்களுக்கு முழுப் பாதுகாப்பு அளித்துள்ளது. ஊருக்குப் போய்த் திரும்பும்போது பவளத் துண்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது குற்றம் என்பதை நினைவிற் கொள்க. தொட்டியிலேயே பெருக்கிய பவளத் துண்டும், பண்ணையில் பொரித்த கோமாளி மீனும் கிடைக்கும்போது நஞ்சு வைத்துப் பிடித்ததை நாம் ஏன் வாங்க வேண்டும்?

இன்னொரு விஷயம். ஆசை தீர்ந்தபின் அந்த உயிரை என்ன செய்கிறோம்? கோய் மீன் 20, 30 ஆண்டுகள் வாழக்கூடியது. நம் ஆசையோ ஆறு மாதம் வாழ்ந்தால் அதிகம்! தொட்டி சலித்துப்போனதும் மீனைக் கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ விட்டுவிட்டு, “ஓர் உயிருக்கு விடுதலை கொடுத்தேன்” என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. இது விடுதலையன்று. தொட்டியில் வளர்ந்த மீன் பெரும்பாலும் அங்கே மடியும். மடியாவிட்டால் அங்குள்ள உயிர்களின் இரையைப் பறித்துக்கொள்ளும். தொட்டிச் சுவரைச் சுத்தம் செய்ய வாங்கி விட்ட ‘பண்டாராயா’ மீன், கிள்ளான் ஆற்றிலும் லங்காட் ஆற்றிலும் பெருகிக் கிடப்பதை மலேசியச் சகோதரர்கள் அறிவார்கள். அனுமதியின்றி விலங்குகளை வெளியில் விடுவது சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், விலங்குகளும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று சூரா அன்ஆமில் அல்லாஹ் அறிவித்திருக்க, ஒரு சமுதாயத்தின் வீட்டில் கொள்ளைக்காரனைக் கொண்டுபோய் விடலாமா? வளர்க்க முடியாவிட்டால் வளர்ப்பவரிடம் கொடுங்கள். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். வாங்கும் முன்பே, “நாம் ஒரு மாதம் ஊருக்குப் போனால் இதற்கு இரை போடுபவர் யார்?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொல்லைக் குளம் வைப்போர் அண்டை வீட்டாரின் ஹக்கையும் மறக்க வேண்டாம். ஓடாத நீரில் டெங்கிக் கொசு முட்டையிடும். வேலியில்லாத குளத்தில் பிள்ளைகள் விழுவார்கள்.

அடுத்து ஈமானைப் பற்றிய விஷயம். கடைவாசலில் அரோவானா மீனை வைத்தால் வியாபாரம் பெருகும் என்னும் எண்ணம் நம்மவர் சிலரிடமும் புகுந்திருக்கிறது. பிறருடைய நம்பிக்கையைப் பழிப்பது நம் வேலையன்று. ஆனால் கலிமாச் சொன்ன நமக்குச் சகுனம் பார்ப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் இணைவைத்தலோடு சேர்த்துக் கண்டித்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டையொட்டி ‘லோஹான்’ மீன் மோகம் பரவியபோது, அதன் உடம்பிலுள்ள புள்ளிகளை எண்களாகப் படித்துப் பரிசுச்சீட்டு வாங்கியோரும் இருந்தார்கள். மோகம் தணிந்தது, மீன்கள் நீர்த்தேக்கங்களில் எறியப்பட்டன. மீன் நமக்கு ரிஸ்க் கொண்டுவருவதில்லை, சகோதரர்களே! நம் கை வழியாக ரிஸ்க்கை எதிர்பார்த்துக் கிடப்பது அது. அரோவானாவில் உண்மையான அத்தாட்சி வேறொன்று உண்டு. ஆண் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாரக்கணக்கில் தன் வாய்க்குள் சுமந்து காக்கிறது. வாயில் பிள்ளைகள் இருப்பதால் இரைகூடச் சரியாக எடுப்பதில்லை. தகப்பனின் கடமையை இதைவிட யார் சொல்லித் தர முடியும்?

மீன் வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். தண்ணீரில் கிடக்கும் மீனைப் பிடிக்குமுன் விற்பதில் ஏமாற்றம் உண்டென்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ளது. கண்ணாடித் தொட்டியில் கண்ணால் பார்த்து, கையால் எடுத்துக் கொடுக்கக் கூடியதில் அந்தக் குறை இல்லை. ஆனால் நோயுற்ற மீனை நோய் மறைத்து விற்பதும், கண்ணாடி மீனின் உடம்பில் ஊசியால் சாயம் ஏற்றி இயற்கை நிறமென்று விற்பதும் அந்தக் குறையைவிடப் பெரியவை. மழையில் நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்த வியாபாரியிடம் நாயகம் (ஸல்) அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அரோவானா விற்போர், உரிமம் பெற்ற பண்ணையின் சான்றிதழும் அடையாளச் சில்லும் உள்ளதையே விற்க வேண்டும். அந்த மீன் சர்வதேச ஒப்பந்தத்தால் கடுமையாகப் பாதுகாக்கப்பட்டது.

கடைசியாக, இவ்வளவும் கூறியது எதற்காக என்பதைச் சொல்லி முடிக்கிறோம். காலை எட்டு மணிக்கு மீனுக்கு இரை. மாலை ஆறு மணிக்கு மீண்டும் இரை. தவறினால் நம் மனம் பதறுகிறது. நல்லது! அதே கடையில் விடியற்காலை முதல் நின்று பாடுபடும் பையனின் சம்பளம் மாதம் பிறந்து பத்து நாளாகியும் கொடுபடாமல் இருக்கலாமா? தொட்டி நீரின் சூட்டை நாள்தோறும் பார்க்கும் நாம், அவன் படுக்கும் மாடி அறைக்குக் காற்று வருகிறதா என்று ஏறிப் பார்த்ததுண்டா? அவனும் ஊரையும் உறவையும் விட்டு வந்து நம் கையை எதிர்பார்த்து நிற்பவன். வேறிடம் போய் வேலை தேட அவனுடைய அனுமதிச் சீட்டு எளிதில் இடம் கொடுப்பதில்லை. தானும் கொடுக்காமல், வெளியே தேடவும் விடாமல் இருந்த அந்தப் பெண்ணின் வரலாறு பூனையைப் பற்றியது மட்டுந்தானா என்று நெஞ்சில் கைவைத்துச் சிந்திப்போம். வேர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்து நாம்.

மீன்தொட்டி வையுங்கள், தாராளமாக வையுங்கள். பிள்ளைகளை அருகில் அமர்த்தி, படைத்தவனின் திறனைக் காட்டுங்கள். தொழுகை நேரம் தவறாமலும், அமானிதம் கெடாமலும், தராசு சாயாமலும் அது இருக்கட்டும். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் பாவத்தை மன்னித்த ரஹ்மான், ஒரு சிறு மீனுக்கு நாம் காட்டும் இரக்கத்தையும் வீணாக்கமாட்டான்.

நம் கையை நம்பியிருக்கும் எல்லா உயிர்களுக்கும் நீதி செய்யும் நற்பாக்கியத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.