கதவின் இருபுறமும்

முன்பின் அறியாத ஒருவர் ஒரு வீட்டு வாயிலில் வந்து நின்று, முகமலர்ச்சியோடு வணக்கம் கூறி, "உங்களோடு சிறிது நேரம் பேசலாமா?" என்று கேட்கிறார். அவர் பொருள் வேண்டி வந்தவர் அல்லர். விற்பதற்கும் அவர் கையில் ஒன்றுமில்லை. வீட்டுக்குரியவர் இதுகாறும் உண்மையென்று கொண்டிருப்பதை விட்டு, தாம் உண்மையென்று கொண்டதை ஏற்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். அவ்வாறாயின் அவருடைய இன்முகம் அன்பா, அன்றி அவ்விருப்பத்தை நிறைவேற்றிக் கொள்வதற்கான கருவியா? வந்தவர் வீட்டாருக்குக் கடமைப்பட்டது என்ன? வீட்டார் வந்தவருக்குக் கடமைப்பட்டது என்ன?

இவ்வினாக்களை வெறும் சொல்லளவில் ஆராய்வதை விட, நாள்தோறும் இவற்றோடு வாழ்கின்றவர்களை முன்னிறுத்தி ஆராய்வது பயன் தரும். மார்மன் சமயத் தூதர்களாக அயல்நாடு செல்லும் இளைஞர்களைப் போல் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு வேறு கிடைப்பது அரிது.

இவர்கள் யாவர்?

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது 1830ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவரால் தோற்றுவிக்கப்பட்டது. அதன் தலைமையிடம் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த சால்ட் லேக் நகரம். முழுப் பெயராலேயே தங்களைக் குறிப்பிடுமாறு 2018ஆம் ஆண்டு முதல் அச்சபையார் வலியுறுத்தி வருகின்றனர். எனினும் உலகம் நன்கறிந்த பெயர் என்பது கருதி 'மார்மன்' என்ற சொல்லை இங்கு ஆள்கிறோம். இழிவு கருதி அன்று.

இச்சபையின் தூதர்கள் 1837இல் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் வந்து இறங்கினர். அன்று தொடங்கிய கடல்கடந்த பயணம் இன்றளவும் நிற்கவில்லை. சால்ட் லேக் பள்ளத்தாக்கில் 1849இல் முதல் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியைத் தொடங்கிய ரிச்சர்டு பாலண்டைன் என்பார் 1853இல் நம் சென்னைக்கே வந்தார். ஏறத்தாழ ஓராண்டு உழைத்து, மிகச் சிலரையே தம் சபையில் சேர்த்து, 1854இல் திரும்பிச் சென்றார்.

இளைஞர்கள் ஈராண்டும், இளம்பெண்கள் பதினெட்டு மாதமும் இப்பணியில் ஈடுபடுகின்றனர். இளைஞர்களுக்குரிய குறைந்த அளவு வயது 2012இல் 19இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. எந்த நாட்டுக்குச் செல்வது என்பதை இவர்கள் தாமே தேர்ந்தெடுக்க இயலாது. தலைமையிடம் அனுப்பும் இடத்திற்குச் செல்ல வேண்டும். ஊதியம் இல்லை, செலவைத் தாமும் குடும்பத்தாரும் ஏற்கின்றனர். எங்குச் சென்றாலும் இருவர் இருவராகவே செல்ல வேண்டும். திரைப்படம் இல்லை, காதல் இல்லை, தேநீரும் காப்பியும் இல்லை. 2019ஆம் ஆண்டு பிப்ரவரி வரை, கிறிஸ்துமஸ் நாளிலும் அன்னையர் நாளிலும் மட்டுமே வீட்டாரோடு தொலைபேசியில் பேச இசைவு இருந்தது. அதன் பின்னரே வாரந்தோறும் பேசலாம் என்றாயிற்று. வேறொன்றையும் நினையாமல் இதனை நோக்கினால், பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவன் தாயை விட்டு இத்துணை நாள் பிரிந்திருப்பது எளிய செயல் அன்று என்பது எவருக்கும் விளங்கும்.

மறுப்பே மிகுதி

2023ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வாறு பணியாற்றியோர் ஏறத்தாழ 68,000 பேர். அவ்வாண்டில் புதிதாக ஞானஸ்நானம் பெற்றுச் சபையில் சேர்ந்தோர் ஏறத்தாழ 2,52,000 பேர். வகுத்துப் பார்த்தால் ஒரு தூதருக்கு ஆண்டொன்றுக்கு நால்வர் கூட இல்லை. அவர் ஓராண்டில் பேச முற்படும் மனிதர்களோ எண்ணிலடங்கார். ஆகவே இவர்களுடைய வாழ்வை 'மதம் மாற்றும் வாழ்வு' என்பதைவிட 'மறுக்கப்படும் வாழ்வு' என்பதே பொருந்தும். அந்த மறுப்பு நாட்டுக்கு நாடு வேறு வேறு வடிவம் கொள்கிறது.

செருமனியில் பல வீட்டு வாயில்களில், இரப்பதற்கும் வீடுவீடாக விற்பதற்கும் இங்கு இடமில்லை என்ற அறிவிப்பு முன்னரே பொருத்தப்பட்டிருக்கும். அங்கே மறுப்பு, பேச்சுக்கு முன்பே எழுத்தில் நிற்கிறது. சப்பானில் அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் நின்று பொத்தானை அழுத்தினால், முகம் தெரியாத குரல் ஒன்று 'கெக்கோ தெசு' என்று பணிவாகச் சொல்லும். இத்தொடருக்கு 'நன்று' என்றும் பொருள் உண்டு. 'வேண்டா' என்றும் பொருள் உண்டு. பயிற்சி நிலையத்தில் சில வாரம் மட்டுமே மொழி பயின்று வந்த இளைஞன் முதல் பொருளைக் கொண்டு மகிழ்ந்து நிற்பான். குரலுக்குரியவர் இரண்டாம் பொருளைக் கருதியிருப்பார். நாமும் 'இருக்கட்டும், இருக்கட்டும்' என்று சொல்லியே எத்தனையோ பொருள்களை மறுக்கிறோம் அல்லவா?

பிரேசில் போன்ற நாடுகளில் நிலைமை வேறு. அங்குப் பலரும் கதவைத் திறந்து, உள்ளே அழைத்து, நாற்காலி இட்டுப் பழச்சாறு தந்து, சொல்வதையெல்லாம் கேட்பர். 'ஞாயிறன்று கோவிலுக்கு வருவீர்களா?' என்றால் 'கட்டாயம் வருகிறோம்' என்பர். ஞாயிறு வரும், அவர்கள் வரமாட்டார்கள். முகத்துக்கு நேரே மறுப்பது விருந்தினரை இழிவுபடுத்துவதாகும் என்பது அவர்கள் எண்ணம்.

இங்கே முதல் அறவினா எழுகிறது. கதவை அடைக்கும் உண்மை நல்லதா? கதவைத் திறக்கும் பொய் நல்லதா? பின்னதே பண்பாடு என்று தோன்றலாம். ஆனால் ஞாயிறு காலையில் வாயிலை நோக்கிக் காத்திருப்பவரை எண்ணிப் பார்த்தால், இனிய பொய்யின் கசப்பு சிறிது பிந்தி வருகிறதே தவிர, வராமல் போவதில்லை என்பது புலனாகும். உண்மைக்கும் இனிமைக்கும் இடையே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நாம் கருதுவதே பிழை. "வெயிலில் வந்திருக்கிறீர்கள், தண்ணீர் அருந்துங்கள், ஆனால் எங்கள் நம்பிக்கையை மாற்றிக் கொள்ளும் எண்ணம் எங்களுக்கு இல்லை" என்று சொல்வதற்கு எத்தனை நொடி ஆகும்? இதில் உண்மையும் இருக்கிறது, இன்சொல்லும் இருக்கிறது. வந்தவருடைய பொழுதும் வீணாவதில்லை.

நோக்கம் குற்றமா?

இனி வருபவரின் பக்கத்தை நோக்குவோம். 'எமக்குக் கிடைத்த உண்மையைப் பிறர்க்குச் சொல்லாது வைத்துக் கொள்வதுதான் தன்னலம்' என்பது அவர்கள் கூற்று. இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்த எம்போன்றோரும் குழந்தையை இருந்தபடியே விட்டுவிடும் எண்ணத்தோடு வகுப்பினுள் நுழைந்தோமில்லை. அதன் அறிவை, பழக்கத்தை, சில நேரங்களில் எண்ணத்தையே மாற்ற வேண்டும் என்ற நோக்கத்தோடுதான் நுழைந்தோம். அதனால் ஆசிரியரின் அன்பு போலி என்று எவரும் கூறார். ஆகவே நோக்கம் உடைமை தன்னளவில் குற்றம் ஆகாது.

பின் எது குற்றம்? நோக்கத்தை மறைப்பதே குற்றம். இதற்கு அச்சபையின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் பிரிட்டனில் பணியாற்றிய தூதர்கள் சிறுவர்களைப் பேஸ்பால் விளையாட்டுக்கு அழைத்தனர். விளையாட்டில் ஈர்க்கப்பட்டு வந்த சிறுவர் பலர், தாம் எதில் சேர்கிறோம் என்பதை உணராமலே ஞானஸ்நானம் பெற்றனர். எண்ணிக்கை உயர்ந்தது, கோவிலில் அச்சிறுவர்களைக் காணோம். பின்னர் அம்முறை கைவிடப்பட்டது. பல பெயர்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. விளையாட்டு தீயதன்று, ஞானஸ்நானமும் அவர்கள் சமயத்தில் புனிதமானதே. ஒன்றைக் காட்டி மற்றொன்றுக்கு அழைத்துச் சென்றதே தவறு. அத்தவறு சிறுவரை மட்டுமின்றி, அச்சடங்கின் புனிதத்தையும் சிறுமைப்படுத்திற்று.

இதற்கு மாறாக, பெயரும் சபையும் பொறித்த கறுப்பு அட்டையை நெஞ்சில் அணிந்து வாயிலில் நிற்பவன் தன் நோக்கத்தை மறைக்கவில்லை. அதை இழிவாகக் கருதி நகைப்போர் உளர். உண்மையில் அந்த அட்டையே அவனுடைய நேர்மையின் அடையாளம். தைவானிலும் சப்பானிலும் இவர்கள் ஆங்கிலத்தைக் கட்டணமின்றிக் கற்பிக்கின்றனர். நடத்துபவர் யார் என்பதை வெளிப்படச் சொல்லி, சமயப் பேச்சை விரும்பாதவரும் அடுத்த வாரம் வந்து அமரலாம் என்றிருக்குமானால் அது கொடை. இல்லையேல் அது தூண்டில் இரை.

மறுப்புக்குப் பின்

ஆனால் மறையாமை மட்டும் போதுமா? போதாது என்பதே நம் கருத்து. அன்பை அளக்கும் கோல் வேறொன்று உண்டு. 'வேண்டா' என்று ஒருவர் சொன்ன பிறகு வந்தவரின் முகம் எவ்வாறு இருக்கிறது என்பதே அக்கோல்.

இத்தூதர்களின் வாழ்வில் மிகவும் நெஞ்சை உறுத்தும் இடம் இதுவே. கதவைத் திறப்போர் எல்லாரும் சமயத்தைத் தேடித் திறப்பதில்லை. கணவனை இழந்து, மக்கள் தொலைவிலிருக்க, நாள் முழுதும் பேச்சுத்துணையின்றி இருக்கும் முதியவர் ஒருவர், குரல் கேட்கும் ஆசையினால் திறக்கிறார். ஆறவுணவு தருகிறார், பழைய படங்களைக் காட்டுகிறார், பிழையாகப் பேசும் அயல்நாட்டுப் பிள்ளைக்குத் தம் மொழியைத் திருத்திக் கொடுக்கிறார். கற்பிக்க வந்தவன் அங்கு மாணவனாகிறான். அவர் சபையில் சேரப் போவதில்லை என்பது சில நாளில் இருவருக்கும் தெரிந்துவிடுகிறது. இனி என்ன செய்வது? முன்னேற்றம் காணாதவரிடம் காலத்தைச் செலவிட வேண்டா என்பது அவர்கள் பெறும் அறிவுரை. எத்தனை பேரைச் சந்தித்தோம் என்பதற்குக் கணக்கும் கொடுக்க வேண்டும். ஆறு வாரத்திற்கு ஒரு முறை இடமாற்றமும் வரக்கூடும்.

கணக்கின்படி பார்த்தால் அம்முதியவருடன் கழித்த பொழுது வீண். அறத்தின்படி பார்த்தால் அந்த ஊரில் அவன் செய்தவற்றுள் ஐயத்திற்கு இடமில்லாத நன்மை அது ஒன்றே. எதையும் பெறப் போவதில்லை என்று அறிந்த பிறகும் மறுபடி ஒருமுறை சென்று நலம் கேட்டு, 'எனக்கு மாற்றல் வந்துவிட்டது' என்று சொல்லிவிட்டுப் போகின்றவனின் முதல் நாள் இன்முகமும் மெய்யே என்று நாம் நம்பலாம். சொல்லாமல் நின்றுவிடுகின்றவன் தன் முதல் நாள் இன்முகத்தையும் பொய்யாக்கிவிடுகிறான்.

நோக்கத்தைச் சட்டமே தடுக்கும்போது என்ன ஆகிறது என்பதற்கும் சான்றுகள் உண்டு. எருசலேமில் இச்சபையின் பல்கலைக்கழகம் ஒரு கல்வி நிலையத்தை அமைக்க முற்பட்டபோது அந்நாட்டு யூதர்கள் அஞ்சி எதிர்த்தனர். அங்குச் சமயம் பரப்ப மாட்டோம் என்று சபை எழுத்தில் உறுதி அளித்தது. 1989இல் நிலையம் அர்ப்பணிக்கப்பட்டது. மாணவரும் அவ்வுறுதியில் கையொப்பமிட்டே சேர்கின்றனர். உருசியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டம், வழிபாட்டிடங்களுக்கு வெளியே சமயம் பரப்புவதைத் தடை செய்தபோது, இவர்கள் 'தூதர்' என்ற பெயரை நீக்கித் 'தொண்டர்' என்ற பெயரோடு பணியாற்றினர். இத்தகைய சட்டங்கள் முறையானவையா என்பது வேறு வினா. நமக்கு இங்கு வேண்டுவது ஒன்றே: தம் சமயத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், ஒருவரோடு ஒருவர் அண்டை வீட்டாராக வாழ இயலும் என்பதை அவர்களே ஏற்றுக் காட்டியுள்ளனர்.

தொகுத்து நோக்குவோம்

வாயிலுக்கு வருபவர்க்கு மூன்று கடமைகள் உள. தாம் யார், எதற்கு வந்தோம் என்பதை முதற்சொல்லிலேயே கூறுதல். மறுப்பைக் கேட்டவுடன் மனம் கோணாது ஏற்றல். மறுத்தவரையும் முன்போலவே மதித்தல். வாயிலைத் திறப்பவர்க்கும் மூன்று கடமைகள் உள. வந்தவரை எள்ளாதிருத்தல், கொள்ளாத கருத்தைக் கொண்டதாக நடிக்காதிருத்தல், அவர் கொள்கையை ஏற்காத போதும் அவருடைய களைப்பைக் காணுதல்.

இக்கடமைகள் சமயத் தூதர்க்கு மட்டும் உரியன அல்ல. நன்கொடைச் சீட்டோடு வருபவர், தேர்தல் நேரத்தில் கைகூப்பி வருபவர், பொருள் விற்க வரும் பெண், கணக்கெடுக்க வரும் ஆசிரியர் என நம் வாயிலுக்கும் வருவோர் பலர். நாமும் ஏதேனும் ஒரு நோக்கத்தோடு பிறர் வாயிலில் சென்று நிற்கிறோம். மகனுக்குப் பெண் கேட்டோ, பேரனுக்கு வேலை கேட்டோ போகும்போது நம் நலம் உசாவலும் வேறொன்றின் முன்னுரைதான். 'இயலாது' என்ற விடை வந்த பிறகும் அவ்வீட்டுப் பெரியவரின் மூட்டுவலியைப் பற்றி நாம் மறவாமல் கேட்டுவிட்டு எழுகிறோமா என்பதை வைத்து நம்மை நாமே அளந்து கொள்ளலாம்.