மணல் யாருடையது?



பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஏழாம் கற்பனையைப் பற்றி ஆத்தும சோதனை செய்யும்போது, பிறர் பணம், பிறர் நிலம், குறைந்த நிறை, திருப்பிக் கொடாத கடன் ஆகியவை நம் நினைவுக்கு வருகின்றன. ஒருவனுடைய கடற்கரையைக் களவாட முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளைச்சாவடியில் வாழ்பவர்களோ அதைக் கேட்காமலிருக்க முடியாது. வலை காயப்போட்ட இடமும் கரைவலை இழுக்க நின்ற இடமும் பலவிடங்களில் இன்று அலைக்குள் கிடக்கின்றன. அந்த மணலைக் கொண்டுபோனவர் யார்?

கடல்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் சர்வேசுரன் கடலுக்கு வைத்த ஒழுங்கைச் சற்று ஆராய்ந்தால், பழி முழுவதையும் கடலின்மேல் போட இயலாது.

உயிர்களும் அவற்றின் இருப்பிடமும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பதை ஆராயும் சாஸ்திரத்தைச் சூழலியல் என்கிறோம். 1866-ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் ஹெக்கெல் என்னும் ஜெர்மன் அறிஞர் அதற்குப் பெயரிட்டபோது, வீடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே அப்பெயரை அமைத்தார். பொருத்தமான பெயர். வெயிலைக் கொண்டு வளரும் நுண்பாசியைச் சிறு உயிர்கள் தின்கின்றன. அவற்றை நெத்திலியும் மத்தியும் தின்கின்றன. இவற்றைப் பெரிய மீனும் மனிதனும் உண்கிறார்கள். கரையில் ஒதுங்கிச் செத்ததை நண்டு தின்று துப்புரவு செய்கிறது. அடப்பங்கொடி மணலை இறுகப் பிடிக்கிறது. தை, மாசி மாதங்களில் பங்குனி ஆமை அந்த மணலில் வந்து முட்டையிடுகிறது. மணல்மேடு புயலலையின் வேகத்தைத் தான் வாங்கிக்கொண்டு, நம் வீட்டையும் கிணற்று நன்னீரையும் காக்கிறது. ஒரு வீட்டில் ஒருவர் உழைப்பை மற்றவர் உண்டு வாழ்வது போன்றதே இது.

இந்த வீட்டுக்கு மணலே அஸ்திவாரம். அதுவோ ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலை சாய்ந்து வந்து மணலை வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளுகிறது. வடக்கே போவதே அதிகம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆண்டுதோறும் சில லட்சம் கன மீட்டர் மணல் நம் கரையோரமாக வடக்கே செல்ல வேண்டும். ஆகவே நம் கரை தெற்கேயுள்ள ஊர் நமக்குக் கொடுத்தது. வடக்கேயுள்ள ஊருக்கு நாம் கொடுக்க வேண்டியது.

1980-களின் பிற்பகுதியில், அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்குமிடத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. வடக்கே செல்லும் மணல் அங்கே தடைபட்டது. தெற்கே வீராம்பட்டினத்தில் கரை வளர்ந்தது. வடக்கே புதுச்சேரி நகரின் கரை தேய்ந்தது. தேங்கும் மணலை எடுத்து வடக்கே விடவேண்டும் என்பது முதலிலேயே அறிந்த காரியம். ஆனால் அது ஒழுங்காக நடைபெறவில்லை. நகரைக் காக்கக் கல் கொட்டினார்கள். மணல் கிடைக்காத அலை கல் முடிந்த இடத்தில் கரையைத் தின்றது. அங்கும் கல் போட்டார்கள். அரிப்பு மேலும் வடக்கே சென்றது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், பிறகு நாம்.

பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லைப்படி நகரம் புதுச்சேரி. இடையிலுள்ள கரை தமிழ்நாடு. பிள்ளைச்சாவடி மறுபடியும் புதுச்சேரி. மணலுக்கு இந்த எல்லை தெரியாது. மனிதருடைய மனுக்களோ அந்தந்த எல்லையோடு நின்றுவிடுகின்றன.

அப்படியானால், தன் வீட்டைக் காக்கக் கல் கேட்ட மீனவன் பாவியா? அல்லவே அல்ல. அலை வாசலில் நிற்கும்போது பிள்ளைகளைக் காப்பது தகப்பனின் கடமை. இடிந்துவிழும் வீட்டாரிடம், மணல் வரும்வரை காத்திருங்கள் என்று சொல்வது கொடுமை. ஆயினும் நாம் செய்யும் நன்மையால் பிறனுக்குத் தீங்கு வரும் என்று தெரிந்தால், அத்தீங்கைக் குறைக்கக் கூடியதையெல்லாம் செய்ய வேண்டும் என்று திருச்சபையின் ஒழுக்க சாஸ்திரிகள் போதிக்கிறார்கள். அதிகாரம் அதிகமுள்ளவருக்கு இக்கடமையும் அதிகம். மேலும், களவுக்கு மனஸ்தாபம் மட்டும் போதாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் அன்றோ?

இங்கே திருப்பிக் கொடுக்கக் கூடியது மணலே. அது ஆகாத காரியமல்ல. 2018-ஆம் ஆண்டில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நகரின் கடற்கரை எதிரே கடலடியில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்தபின், கல் மட்டும் கிடந்த இடத்தில் மீண்டும் மணல் சேர்ந்தது. ஆனால் இத்தகைய வேலையும் நகரத்தோடு நின்று, வடக்கேயுள்ள ஊர்களை மறக்குமானால் பழைய அநீதியே தொடரும்.

நாமும் நம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டும். நமக்கும் வடக்கே காலாப்பட்டு இருக்கிறது, கனகசெட்டிகுளம் இருக்கிறது. நம் வாசலில் விழும் கல் அவர்கள் வாசலில் என்ன செய்யும்? தம்பியைப் பற்றிக் கேட்கப்பட்டபோது காயின் சொன்ன பதிலை நாமும் சொல்லலாகாது. ஆதலால் அவசரத்துக்குக் கல் கேட்கும்போதே, தேங்கிய மணலை வடக்கே விடவேண்டும் என்றும் சேர்த்துக் கேட்போம். அதையும் எல்லைக்கு அப்பாலுள்ள ஊராரோடு சேர்ந்து கேட்போம். கரையில் ஒரு வண்டி மணல் அள்ளுகிறவனும், அடப்பங்கொடியைப் பிடுங்கி எறிகிறவனும் இதே களவில் சிறு பங்காளிகள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ என்னும் நிருபத்தில் இந்தப் பூமியை நம் எல்லாருக்கும் பொதுவான வீடு என்று அழைத்தார். அந்த வீட்டில் நமக்கு அடுத்த அறையில் இருப்பவர்கள் வடக்கேயுள்ள ஊரார். அவர்களையும் நினைத்து நடக்கும் வரத்தைச் சர்வேசுரன் நமக்குத் தந்தருள்வாராக.