மருந்துக்குப் பின் உறைவிடம்

குடிநோய்க்குச் சிகிச்சை முடித்து வெளியே வருபவன் அன்றிரவு எங்கே படுப்பான்? இக்கேள்வியை மரைன் ஹில் மேட்டில் நின்று கேட்டால் அதன் கனம் விளங்கும். சிமெண்டும் இரும்பும் கப்பலில் வந்திறங்கும் தீவில் கூலியாளுக்குத் தனியறை எளிதன்று. ஆகவே அவன் முன்பு தன்னோடு புட்டியைப் பகிர்ந்துகொண்ட தோழர்களின் அறைக்கே மீளுகிறான். சென்னையில் சிகிச்சை பெற்றவனும் மூன்று நாள் கப்பலேறி அவ்வறைக்கே வந்து சேருகிறான். யாம் ஆலையில் தறியோட்டிய காலத்தில், திருந்தி வந்தவர்களைச் சம்பள நாளன்று அறைத்தோழர்களே மறுபடி கெடுத்ததைக் கண்டிருக்கிறோம்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் விளையும் மனக்கேடுகளை நோயென்றே ஏற்றது. உடல்நோய்க்கு ஒப்பக் காப்பீடு தரவும், இடைக்கால இல்லங்களை அரசு அமைக்கவோ ஆதரிக்கவோ வேண்டுமென்றும் விதித்தது. ஆயினும் காப்பீடு மருத்துவமனைக் கட்டிலுக்குக் கொடுக்கும். வெளியே வந்தவனின் வாடகைக்குக் கொடாது. ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுதோறும் 5 லட்சம் ரூபாய் வரை ஈவதும் மருத்துவமனைச் சிகிச்சைக்கே.

"குடித்தவன் அவன், வாடகை நாமா கொடுப்பது? தன் வினையைத் தானே அனுபவிக்கட்டும்" என்பார் நம்மவரிலும் உளர். வினைக்கொள்கையை இவ்வளவு மலிவாக வழங்குவதை யாம் ஒப்போம். வயிற்றுப்போக்கால் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவை ஏனையோர் கைவிட்டனர். தங்களுக்கு அவனால் பயனில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். பகவனோ ஆனந்தரோடு சென்று தம் கையால் நீர்வார்த்துக் கழுவினார். நோய் எப்படி வந்ததென்று விசாரித்து, அதன்பின் நீர் வார்த்தாரல்லர். மேலும், பிக்குவின் நான்கு தேவைகளுள் ஆடை, உணவு, மருந்து ஆகியவற்றோடு உறைவிடத்தையும் சேர்த்தே எண்ணினார். மருந்துக்குக் கொடுத்து உறைவிடத்துக்கு மறுப்பது அரைத் தானமேயாகும்.

ஆனால் முழுவதும் இனாமாகக் கொடுப்பதும் நன்றன்று. அமெரிக்காவில் மேரிலாந்து நாட்டுச் சில்வர் ஸ்பிரிங் என்னுமூரில் 1975-இல் ஓர் இடைக்கால இல்லம் மூடப்பட்டபோது, அங்கிருந்தோரே அவ்வீட்டை வாடகைக்கெடுத்துச் செலவைச் சமமாகப் பங்கிட்டு நடத்தினர். ஆக்ஸ்போர்டு ஹவுஸ் என்பது அதன் பெயர். மேலாளர் இல்லை, வாக்களித்தே முடிவு செய்வர். இத்தகைய வீடு தொடங்க 4,000 டாலர் வரை கடன் தந்து இரண்டாண்டில் திரும்பப் பெறும் நிதியை மாகாணங்கள் வைக்கவேண்டுமென 1988-இல் அந்நாட்டுச் சட்டம் கூறிற்று. ஒருவர் திருப்பியது அடுத்தவருக்கு உதவிற்று. ஏழைக்கு மாத வாடகையைவிட முன்பணமே மலை. அம்மலையை மட்டும் பிறர் சுமந்தால் எஞ்சியதை அவனே கூலியிலிருந்து செலுத்துவான். அதில் அவன் மானமும் நிற்கும்.

அம்முன்பணம் யாருடையது? தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக்கிடம் உள்ளது. அந்தமானிலும் அரசின் ஒருங்கிணைந்த வளர்ச்சிக் கழகம் மது விற்கிறது. விற்றவர் இலாபத்தில் ஒரு பங்கு முதலில் வரட்டும். ஐந்தாம் சீலம் ஏற்ற நாமும் பூரணை உண்டியலில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம்.

அவ்வீடுகளின் விதியொன்றில் மட்டும் எமக்குத் தயக்கமுண்டு. மீண்டும் குடித்தவனை உடனே வெளியேற்றுவர். மற்றவரைக் காக்க அது தேவைதான். எனினும் அவ்விரவு அவனுக்கென விஹார மண்டபத்தில் ஒரு பாய் விரித்து வைப்பது நம்மால் இயலும்.