ஏலத்துக்கு வந்த அமானிதம்

2021 செப்டம்பர் மாதம். விழுப்புரம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. செஞ்சிக்கு அருகிலுள்ள பொன்னங்குப்பம் ஊராட்சியின் தலைவர் பதவி 13 லட்ச ரூபாய்க்கு ஏலம் போனதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அதே ஊராட்சியைச் சேர்ந்த துத்திப்பட்டு மக்கள் இதற்கு எதிர்ப்புத் தெரிவித்ததாகவும் அச்செய்திகள் கூறின. 2019 டிசம்பரில் பக்கத்துக் கடலூர் மாவட்டத்தின் நடுக்குப்பத்திலும் இதே பதவி 50 லட்சத்துக்கு ஏலம் போனதாகச் செய்தி வந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வேற்றூர்க் கதை, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

இப்படி ஏலம் விடுகிற ஊர்களில் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. பணம் யாருடைய மடியிலும் போய் விழவில்லை. ஊர்ப் பொதுக் காரியத்துக்கு, வழிபாட்டுத் தலத்தின் திருப்பணிக்குப் போகிறது. போட்டி என்று வந்தால் ஊர் இரண்டுபடும், பங்காளிகள் முகம் பார்க்க மாட்டார்கள், பிரியாணியும் பாட்டிலும் ஓடும். அந்தப் பணம் ஒரு நல்ல காரியத்துக்குப் போனால் என்ன தவறு? கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. மார்க்கப் பற்றுள்ளவர்கள்கூட இதைக் கேட்டுத் தலையாட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆனால் விற்கப்பட்ட பொருள் யாருடையது? ஹஜ்ஜுக்குப் போகிறவர் தம் மகளின் நகையை நம்மிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். அதை விற்று மஸ்ஜிதுக்கு மினாரா எழுப்பினால் நாம் தர்மவான்களா, மோசக்காரர்களா? பணம் போய்ச் சேர்ந்த இடம் நல்ல இடம் என்பதால் எடுத்த இடத்தின் குற்றம் நீங்கிவிடுமா? ஒப்படைக்கப்பட்டவற்றை உரியவர்களிடம் சேர்க்கும்படி அல்லாஹுத் தஆலா அந்நிஸா அத்தியாயத்தில் கட்டளையிடும்போது, இதற்கு விதிவிலக்கு வைக்கவில்லை.

முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் (1897-1976) வாக்களிப்பதை மூன்று விதமாகப் பார்த்தார்கள். அது ஒரு சாட்சியம். இன்னார் இந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர் என்று நாம் சொல்லும் சாட்சி. அது ஒரு சிபாரிசு. அது ஒரு வகாலத்தும்கூட. நம் சார்பில் செயல்பட ஒருவரை நியமிப்பது. மூன்றாவதைத்தான் நாம் அதிகம் சிந்திக்க வேண்டும். ஊருக்கு வக்கீல் வைக்கிறபோது ஊரார் அத்தனை பேரும் கட்சிக்காரர்கள். ஏலம் நடந்த இடத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பெண்கள் இருந்தார்களா? காலனி மக்கள் இருந்தார்களா? பதினெட்டு வயது நிரம்பி, முதல் முறையாகப் பட்டியலில் பெயர் ஏறிய பிள்ளைகளை யாராவது கூப்பிட்டார்களா?

சட்டமும் இதைப் பார்க்காமல் இல்லை. தேர்தல் உரிமை என்பது வாக்களிப்பது மட்டுமன்று. வேட்பாளராக நிற்பதும், நிற்காமலிருப்பதும், விலகுவதும் அதில் அடங்கும் என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் விளக்கம் தந்தது. 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த விளக்கம் இருக்கிறது. ஆகவே போட்டியிட வேண்டாம் என்பதற்காகக் கொடுக்கும் பணமும் லஞ்சமே. போட்டியின்றித் தேர்வாவது குற்றமன்று. போட்டியை விலைக்கு வாங்குவதுதான் குற்றம்.

இந்த உரிமை எப்படி வந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947-ல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார் என்பது பரீட்சைக்குத் தெரியும். அவரைத் தேர்ந்தெடுத்த சட்டசபை, சொத்தும் வரியும் படிப்பும் பார்த்து வாக்குரிமை கொடுத்த 1946 தேர்தலில் உருவானது என்பது தெரியாது. அன்றைய கூலிக்காரருக்கு, பெரும்பாலான பெண்களுக்கு அதில் இடமில்லை. 21 வயதான எல்லோருக்கும் வாக்கு என்பது 1951-52 பொதுத் தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது. வயது 18 ஆனது 1989-ல். இவ்வளவு தாமதமாகக் கைக்கு வந்ததை ஒரு மாலைப் பொழுதில் ஏலம் விட்டால், பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளை எதைப் படித்துக்கொள்வான்? குடிமையியல் பாடத்தைவிட அந்த மாலை அவன் மனதில் நன்றாகப் பதியும்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஒரு மஹல்லாவின் பொதுக்கூட்டத்துக்கு நாம் விருந்தாளியாகப் போயிருந்தோம். அஸருக்குப் பின் நிர்வாகத் தேர்வு. பெயர்கள் முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தன. வாசித்தார்கள், தக்பீர் முழங்கிற்று. அப்போது பின்வரிசையிலிருந்து கல்லூரியில் படிக்கும் ஓர் இளைஞர் எழுந்து, கடந்த மூன்று ஆண்டுக் கணக்கை வாசிக்கலாமே என்று பணிவாகத்தான் கேட்டார். "உங்க அத்தாவை வரச் சொல்லு தம்பி" என்றார் மேடையிலிருந்த பெரியவர். சிரிப்பு எழுந்தது. இளைஞர் உட்கார்ந்துவிட்டார். நாமும் அந்தச் சபையில் இருந்தோம், வாய் திறக்கவில்லை. விருந்தாளி என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அங்கே பணம் கைமாறவில்லை என்பதைத் தவிர, பொன்னங்குப்பத்துச் செய்திக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று இன்றுவரை நமக்கு விளங்கவில்லை.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஆறு பேரிடம் கலீஃபா தேர்வை ஒப்படைத்துச் சென்றபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவில் மூன்று இரவுகள் சரியாக உறங்காமல் மக்களின் கருத்தைக் கேட்டுத் திரிந்தார்கள். வீட்டுக்குள்ளிருந்த பெண்களிடமும் கேட்டார்கள், ஓதும் பள்ளிச் சிறுவர்களிடமும் கேட்டார்கள் என்று இமாம் இப்னு கஸீர் (ரஹ்) தம் வரலாற்று நூலில் எழுதுகிறார்கள். ஓதும் பள்ளிச் சிறுவர்கள்! அவர்களுக்கு என்ன தெரியும், அத்தாவை வரச் சொல் என்று அந்த நபித்தோழர் சொல்லவில்லை.

இளைஞர்களுக்கு ஒரு சொல். பதினேழு வயது முடிந்ததுமே வாக்காளர் பட்டியலுக்கு முன்கூட்டி மனுக் கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எதில் பதினெட்டு நிரம்பினாலும் அதை ஒட்டிப் பெயர் சேரும். 2022-லிருந்து இந்த ஏற்பாடு. கிராமத்தில் இருப்பவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் தேர்தலுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளிலும் கூட்டம் நடத்த அரசு ஏற்பாடு செய்தது. வரவு செலவை அங்கே கேட்கலாம். கேட்கிறவரிடம் யாரும் அத்தாவைக் கேட்க முடியாது.

அந்த இளைஞரைச் சென்ற ஆண்டு விழுப்புரம் பேருந்து நிலையத்தில் எதேச்சையாகச் சந்தித்தோம். கிராம சபைக்குத் தவறாமல் போகிறாராம். தெருவிளக்குக் கணக்கில் ஒரு பிழையைக் காட்டித் திருத்தவும் வைத்தாராம். மஹல்லா கூட்டத்துக்குப் போகிறீர்களா என்று கேட்டோம். ஸலாம் சொல்லிவிட்டு, வந்த பேருந்தில் ஏறிக்கொண்டார்.