வற்றிய பசுவும் கறுத்த எண்ணெயும்

கட உபநிடதத்தில் நசிகேதனின் தந்தை வேள்வி முடித்துப் பசுக்களைத் தானம் கொடுக்கிறார். எல்லாம் பால் வற்றிய கிழட்டு மாடுகள். சிறுவனுக்கு மனம் பொறுக்கவில்லை. தனக்கு உதவாததைப் பிறர் தலையில் கட்டுவது தானமாகுமா?

அந்தக் கேள்வி இன்று உணவகங்களின் பின்வாசலில் நிற்கிறது. பலமுறை காய்ந்து கறுத்த எண்ணெயைத் தள்ளுவண்டிக்காரர் மலிவாக வாங்கிப் போகிறார். விற்றவருக்குக் காசு, வாங்கியவருக்குச் சிக்கனம். கெடுதல் மட்டும் பஜ்ஜி தின்னும் கூலித் தொழிலாளிக்கு.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி, 2018 ஜூலை 1 முதல், எண்ணெய் காயக் காயக் கூடும் மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெய் சமையலுக்கு ஆகாது. பொரிப்பதற்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் செலவிடுவோர் கணக்கு எழுதி, கழிவெண்ணெயை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடமே தர வேண்டும். அதிலிருந்து பயோடீசல் தயாராகிறது.

கணக்குப் புத்தகம் எட்டாத சிறு கடைகளோ ஏராளம். அங்கே எண்ணெயைச் சோதிக்கும் மீட்டரும் இல்லை; கடைக்காரரின் மனசாட்சிதான் அளவுகோல். தன் பிள்ளைக்குப் பொரித்துத் தராத எண்ணெயில் ஊரார் பிள்ளைக்குப் பொரிப்பதைச் சாமர்த்தியம் என்று சொல்ல முடியாது, அது இம்சை.

சாக்கடையில் கொட்டுவதும் அப்படித்தான். கொழுப்பு உறைந்து குழாய் அடைத்தால், அதைச் சுத்தம் செய்யும் துன்பம் வேறொருவருக்கு. ஆறவைத்து, வடிகட்டி, கேனில் சேர்த்துவைக்கப் பெரிய செலவொன்றும் ஆகாது.