பிறந்த நாடு, புகுந்த நாடு

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்துப் பொகீப்சி ஊரில் ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கார்ப்பென்டர் என்ற குடும்பத்தாரின் கல்லறைகளோடு ஒரு மராட்டியப் பெண்ணின் பெயர் பொறித்த கல்லும் அங்கே நிற்கிறது. ஆனந்திபாய் ஜோஷி. 1886ல் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். மேலைநாட்டு மருத்துவம் படித்துத் தேறிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். அந்த ஆண்டின் இறுதியிலேயே காசநோயோடு ஊர் திரும்பினார். கோலாப்பூர் ஆல்பர்ட் எட்வர்ட் மருத்துவமனையில் பெண்கள் பிரிவின் பொறுப்பு அவருக்காகக் காத்திருந்தது. அதை ஏற்பதற்கு முன்பே, 1887 பிப்ரவரி 26 அன்று, புனேயில் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 21.

முளா, முட்டா என்று இரண்டு ஆறுகள் கூடுகிற ஊர் புனே. அஸ்தியைக் கரைக்கத் தண்ணீருக்குப் பஞ்சமில்லாத ஊர். ஆனாலும் ஆனந்தியின் அஸ்தி கடல் கடந்து, அமெரிக்காவில் அவரை மகளைப்போல வைத்துக்கொண்ட தியோடீசியா கார்ப்பென்டரிடம் போய்ச் சேர்ந்தது. 1883ல் கப்பல் ஏறும் முன் செராம்பூரில் கூடியிருந்தவர்களிடம், இந்துவாகவே போய் இந்துவாகவே திரும்புவேன் என்று உறுதி சொல்லிவிட்டுப் போனவர் ஆனந்தி. பிலடெல்பியாவின் குளிரிலும் புடவையை விடவில்லை. பிறந்த நாட்டுக்குச் சேவை செய்யவே படித்தார். அப்படிப்பட்டவரின் கடைசி மிச்சம் அந்நிய மண்ணில் அடங்கியதை யாரும் துரோகம் என்று சொன்னதில்லை. சொல்லவும் மனம் வராது.

அப்படியானால் ஒருவர் எந்த நாட்டுக்காரர் என்பதை எதை வைத்துச் சொல்வது? பிறந்த நாட்டை விட்டு இன்னொரு நாட்டை ஏற்பது கடமை தவறுவதாகுமா?

இதற்கு விடை தேட வெளியே எங்கும் போகவேண்டியதில்லை. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் இரண்டு சொற்களில் இந்தக் கேள்வி ஏற்கெனவே இருக்கிறது: பிறந்த வீடு, புகுந்த வீடு. ஒரு வீட்டில் பிறந்து, அங்கே உண்டு, வளர்ந்து, படித்த பெண் ஒருநாள் இன்னொரு வீட்டுக்குப் போகிறாள். அவளை நன்றி கெட்டவள் என்று யாரும் சொல்வதில்லை. போன இடத்தில் ஒட்டி வாழவேண்டும், பிறந்த இடத்தையும் மறந்துவிடக்கூடாது என்றுதான் அவளிடம் எதிர்பார்க்கிறார்கள். மக்களில் பாதிப் பேருக்கு இப்படி இடம் மாறுவதையே அறமாக விதித்த ஒரு சமூகம், விமானம் ஏறுகிற இன்னொருவரைப் பார்த்து மட்டும் “தாய்நாட்டை விட்டுவிட்டான்” என்று கொதிப்பது பொருந்தவில்லை.

புகுந்த வீடு என்ற சொல் நேர்ப்பொருளிலேயே பொருந்துகிற ஒரு வாழ்க்கை புனேயின் வரலாற்றோடு பிணைந்திருக்கிறது. ஜோதிராவ் பூலே 1873ல் புனேயில் சத்தியசோதக் சமாஜத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு வெளிவந்த ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்தார். கண்ணால் பாராத ஒரு நாட்டு மக்களுக்கு மராட்டியத் தோட்டக்காரச் சாதியில் பிறந்த ஒருவர் அனுப்பிய வணக்கம் அது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, மினியாபொலிஸ் நகரில் 1941ல் பிறந்த கெயில் ஓம்வெட் என்ற பெண், பூலே தொடங்கிவைத்த பிராமணரல்லாதார் இயக்கத்தை ஆராய மகாராஷ்டிரத்துக்கு வந்தார். அந்த ஆய்வுக்கு பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் கிடைத்தது. பட்டம் பெற்றவர்கள் பொதுவாக ஊருக்குத் திரும்பிப் பேராசிரியர் ஆவார்கள். ஓம்வெட் திரும்பவில்லை. போராளி பரத் பாட்டன்கரை மணந்து, சாங்லி மாவட்டத்துக் காசேகாவ் கிராமத்தில், மாமியார் இந்துதாய் பாட்டன்கரின் வீட்டில் வாழ்ந்தார். தண்ணீருக்காகவும், கணவர்கள் கைவிட்ட பெண்களுக்காகவும் நடந்த போராட்டங்களில் நின்றார். புனே பல்கலைக்கழகத்தில் பூலே–அம்பேத்கர் இருக்கையில் பணியாற்றினார். 1983ல் அமெரிக்கக் குடியுரிமையை விட்டு இந்தியக் குடியுரிமை பெற்றார். 2021 ஆகஸ்டில் அதே காசேகாவ் கிராமத்தில் கண்மூடினார்.

பல்தண் ஊரில் பள்ளி நடத்தி, ஏழைக் குழந்தைகளுக்கு மராத்தி எழுத்துக் கற்பிக்கும் முறைகளை உருவாக்கிய மேக்சின் பெர்ன்ட்சனும் அமெரிக்காவிலிருந்து வந்து இந்தியக் குடியுரிமை பெற்றவரே. இவர்களைப் பற்றிப் பேசும்போது எல்லோர் குரலிலும் பெருமை தெரிகிறது. அமெரிக்காவுக்கு இவர்கள் துரோகம் செய்தார்கள் என்று புனேயிலோ சென்னையிலோ யாரும் நினைப்பதில்லை. அதே மனிதர்களுக்கு, இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்கும் ஒரு பொறியாளரைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடுகிறது. 2022ல் மட்டும் 2,25,620 இந்தியர் குடியுரிமையைத் துறந்ததாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தபோதும் அந்தக் குரலே எங்கும் கேட்டது.

இரண்டும் ஒன்றல்ல என்று ஒரு வாதம் உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஓம்வெட் வசதியை விட்டு வசதியின்மைக்கு வந்தார். பொறியாளர் எதிர்த்திசையில் போகிறார். முன்னது தியாகம், பின்னது ஆதாயம். ஆனால் தியாகம் செய்தவரைப் புகழ்வது வேறு, செய்யாதவரைக் குற்றவாளி ஆக்குவது வேறு. புகழுக்குரிய செயல் ஒன்று இருக்கிறது என்பதாலேயே அதைச் செய்யாதது பாவமாகிவிடாது.

மராட்டிய வறட்சி மாவட்டம் ஒன்றில் பிறந்த பையனை எடுத்துக்கொள்ளலாம். ஜில்லா பரிஷத் பள்ளியில் படிக்கிறான், புனேக்கு வந்து பொறியியல் முடிக்கிறான், ஹிஞ்சவடியில் கணினி நிறுவனத்தில் சேர்கிறான். ஊரில் கிணறு வற்றிக்கிடக்கிறது, படித்தவர் எவரும் மிஞ்சவில்லை. அவன் கிராமத்தை விட்டதை ஊரே கொண்டாடுகிறது. பேனர் கூட வைக்கிறது. ஐந்து வருடம் கழித்து அவன் ஹிஞ்சவடியிலிருந்து நியூஜெர்சிக்குப் போகும்போதுதான் தேசத்தின் நினைவு வருகிறது. கிராமத்துக்கு அவன் பட்ட கடன் முதல் அடியிலேயே விடுபட்டுப்போனது. அப்போது வலிக்காத மனசாட்சி இரண்டாவது அடியில் வலிக்கிறது என்றால், விட்டுப்போவதில் யாருக்கும் சிக்கல் இல்லை. எல்லைக்கோடு எங்கே கிடக்கிறது என்பதில்தான் சிக்கல்.

கடனே கிடையாது என்று இதற்குப் பொருள் இல்லை. புனேயின் ராணுவ மருத்துவக் கல்லூரியில் அரசு செலவில் படிக்கும் மாணவர் ராணுவ மருத்துவராகப் பணியாற்றக் கடமைப்பட்டவர். விலக நினைத்தால் பிணைத்தொகை கட்டவேண்டும். இந்த ஏற்பாடு நேர்மையானது. யார் யாருக்கு என்ன தரவேண்டும் என்பதைச் சேரும்போதே சொல்லிவிடுகிறது. கசப்பு வருவதெல்லாம் சொல்லாமல் விட்ட கடன்களால்தான். நாட்டின் மேல் அன்பு வை என்று மேடையில் கேட்பது சுலபம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டருக்காகக் காத்திருக்கும் கர்ப்பிணிக்குப் பட்ட கடன் அதைவிடக் குறிப்பானது, கனமானது. அதைத் தீர்க்காமல் போகிறவர் எந்த நாட்டில் இருந்தாலும் பட்ட கடன் பட்டதுதான். புனேயிலேயே இருந்துகொண்டு கிராமத்துப் பணியைத் தட்டிக்கழிப்பவரும் அதே கணக்கில்தான் வருவார்.

புனே பல்கலைக்கழக வளாகத்தில் ‘அயூக்கா’ என்ற வானியல் ஆய்வு மையம் இருக்கிறது. அதை நிறுவிய ஜெயந்த் நார்லிகர் 1957ல் கேம்பிரிட்ஜ் போனவர். வானியலாளர் பிரெட் ஹாய்லோடு சேர்ந்து உலகப் பெயர் பெற்றவர். 1972ல் இந்தியா திரும்பி, 1988ல் புனேயில் இந்த மையத்தைத் தொடங்கி, 2003 வரை இயக்குநராக இருந்தார். 2025 மே மாதம் புனேயிலேயே காலமானார். திரும்பி வந்தவர்களுக்கு இவரைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. அவர் உருவாக்கிய மையத்தின் அரங்கத்துக்கோ வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். அவர் திரும்பாதவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930ல் கப்பலேறி, சிகாகோவில் வேரூன்றி, 1953ல் அமெரிக்கக் குடிமகனானார். 1968ல் இந்திய அரசு பத்ம விபூஷண் தந்தபோது அவர் கையிலிருந்தது அமெரிக்கக் கடவுச்சீட்டு.

திரும்பி வந்தவரின் அரங்கத்தில் திரும்பாதவரின் பெயர். அங்கே வந்து உட்காரும் மாணவருக்கு இருவரிடமும் கற்க நிறைய இருக்கிறது. இருவரில் யார் கடமையைச் செய்தவர் என்று அந்த மாணவரிடம் கேட்டால் கேள்வியே விளங்காமல் விழிப்பார். நார்லிகர் மராத்தியில் எழுதிய சுயசரிதைக்கு, நான்கு நகரங்களில் என் உலகம் என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். காசி, கேம்பிரிட்ஜ், மும்பை, புனே ஆகிய நான்கும் அதில் சமமாக நிற்கின்றன. 2014ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல் அது.

சட்டம் இவ்வளவு தாராளமாக இல்லை. அரசியல் சாசனத்தின் 9ஆம் பிரிவும் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றவர் இந்தியக் குடிமகனாக நீடிக்க முடியாது என்கின்றன. ஆக, அந்த 2,25,620 பேரில் எத்தனையோ பேர் நாட்டை வெறுத்துத் துறக்கவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்பதால் துறந்தவர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கென 2005ல் விரிவாக்கப்பட்ட ‘ஓசிஐ’ அட்டை அவர்களுக்கு வந்துபோகும் உரிமையைத் தருகிறது, வாக்கையும் விவசாய நிலம் வாங்கும் உரிமையையும் தருவதில்லை. அதே 2005ல்தான் கட்டிக்கொடுத்த மகளுக்கும் பிறந்த வீட்டுச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் நாடு முழுவதற்கும் திருத்தப்பட்டது. தமிழ்நாடு 1989லேயே அந்த வழியில் முதல் அடி எடுத்து வைத்திருந்தது. புகுந்த வீட்டுக்குப் போன மகளின் உரிமை பிறந்த வீட்டில் அற்றுப்போவதில்லை என்று குடும்பத்துக்குள் ஒப்புக்கொண்ட நாடு, கடல் கடந்த மகனின் விஷயத்தில் அந்த அளவுக்குப் போகவில்லை. வாக்குரிமைக்கு உள்ளூரில் வாழ்வதையே அளவாக வைப்பதில் நியாயம் உண்டு. சட்டத்தின் விளைவைத் தாங்கப்போகிறவரே அதைத் தீர்மானிக்கவேண்டும். ஆனால் துரோகம் என்ற சொல்லுக்கு அந்த நியாயத்தில் இடமே இல்லை.

இந்தப் பேச்சில் எப்போதும் விடுபடுவது இன்னொரு பக்கம்: புகுந்த வீட்டின் கடமை. மருமகள் ஒட்டவேண்டும் என்று கேட்பவர்கள், அவளை ஒட்டவிடவேண்டியது யார் பொறுப்பு என்று கேட்பதில்லை. அமெரிக்கச் சட்டம் வேலைவழி நிரந்தர வசிப்புரிமை அட்டைகளில் எந்த ஒரு நாட்டாருக்கும் 7 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவதில்லை. அதனால் இந்தியாவில் பிறந்தவர்கள் வரி கட்டிக்கொண்டே பல ஆண்டுகள் வரிசையில் நிற்கிறார்கள்.

நாட்டுக்குள்ளேயும் இதே கதைதான். புனேயின் ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. பிள்ளைகள் மராத்தியில் சண்டை போடுகிறார்கள், தமிழில் சாமி கும்பிடுகிறார்கள். 1960களில் மும்பையில் ‘மதராசி’ என்ற ஒரே சொல்லால் தென்னிந்தியரைத் துரத்த முயன்ற அரசியலை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. அந்த வலியை அறிந்த இனம் இன்று திருப்பூரிலும் சென்னையிலும் பீகார்த் தொழிலாளியை ‘வடக்கன்’ என்று அழைப்பது வெட்கப்படவேண்டிய விஷயம். மும்பையில் அநியாயமாக இருந்தது திருப்பூரில் நியாயமாகிவிடாது.

2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் வசமானபோது புனேயில் ஆப்கன் மாணவர்கள் பலர் படித்துக்கொண்டிருந்தார்கள். படிப்பு முடிந்தால் விசா முடியும். விசா முடிந்தால் திரும்பவேண்டும். திரும்ப வேண்டிய ஊரில் வேறு ஆட்சி. வீட்டிலிருந்து பணம் வருவது நின்றது. 1951ஆம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே அடைக்கலம் இங்கே உரிமையாக எழுதப்படவில்லை. அந்தந்த நேரத்து அரசின் முடிவாகவே நிற்கிறது. பிறந்த வீட்டின் கதவு அடைபட்டு, இருக்கும் வீட்டில் விருந்தாளியாக மட்டுமே நிற்கவேண்டிய நிலை அது. எந்த நாட்டில் வாழ விருப்பம் என்று அவர்களிடம் கேட்பதற்கே பொருள் இல்லை. விருப்பம் என்பது, திரும்பிப் போக இடமிருப்பவர்களுக்கு மட்டுமே வாய்க்கிறது.

தமிழ்நாட்டுக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை. 1983 முதல் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்கிறார்கள். இந்திய மண்ணில் 1987 ஜூலை 1க்கு முன்பு பிறந்த குழந்தைக்குச் சட்டப்படி பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அதற்குப் பிறகு பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும். 2004க்குப் பிறகு விதி இன்னும் இறுகியது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தத்தில் மூன்று அண்டை நாடுகள் இருக்கின்றன, இலங்கை இல்லை. 2021ல் தமிழ்நாடு அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. புதிய வீடுகளும் கட்டத் தொடங்கியது. அந்த முகாம்களில் பிறந்து, தமிழ்நாட்டுப் பாடநூலைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இன்று முப்பது வயதைத் தாண்டிவிட்டது. இலங்கையை அவர்கள் பார்த்ததே இல்லை. அவர்கள் ஏற்றுக்கொண்ட நாடு எது என்பதில் அவர்களுக்குக் குழப்பம் கிடையாது. அந்த நாடு இன்னும் பதில் சொல்லவில்லை.