அச்சமும் வாய்மையும்
‘பிளேயர் விச்’ திரைப்படமும் அதன் பார்வையாளரும்

1999ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘பிளேயர் விச் புறொஜெக்ற்’ என்னும் திரைப்படம் ஓர் அறிவித்தலுடன் தொடங்குகின்றது. 1994 ஒக்டோபரில், மேரிலன்ட் மாநிலத்திலுள்ள பேர்க்கிற்ஸ்வில் என்னும் ஊரை அடுத்த காட்டிலே, விவரணப்படம் எடுக்கச் சென்ற மாணவர் மூவர் காணாமற் போயினர் என்றும், ஓராண்டின் பின்னர் அவர்கள் எடுத்த படச்சுருள்கள் கண்டெடுக்கப்பட்டன என்றும் அவ்வறிவித்தல் கூறுகின்றது. பேர்க்கிற்ஸ்வில் என்னும் ஊர் உண்டு. ஆனால், காணாமற் போன மாணவர் எவரும் இலர், மூவரும் நடிகர்கள். அவர்கள் தேடிச் சென்ற சூனியக்காரியின் பழங்கதையும் படத்துக்கெனப் புனையப்பட்டதே.

புனைகதை தன்னைப் புனைகதையென்று கூறாது மெய்யென்றே கூறிக்கொள்ளும்போது, அதை நம்பிய பார்வையாளனுக்கு அநீதி இழைக்கப்படுகின்றதா? இப்படத்தைப் பற்றி எழுந்த கருத்து வேறுபாடுகள் யாவும் ஈற்றில் இவ்வினாவிலேயே வந்து நிற்கின்றன. இது வெறும் இரசனை பற்றிய வினா அன்று. அறம் பற்றிய வினாவுமாகும்.

படம் உருவான முறையை முதலில் நோக்குதல் தகும். டானியல் மைரிக், எடுவார்டோ சாஞ்செஸ் என்னும் இளம் நெறியாளர் இருவர் 1997 ஒக்டோபரில் எட்டு நாட்களில் இதனைப் படமாக்கினர். ஹெதர் டொனஹியூ, ஜோசுவா லெனார்ட், மைக்கல் வில்லியம்ஸ் ஆகிய மூவரும் தம் சொந்தப் பெயர்களிலேயே நடித்தனர். கமராவையும் அவர்களே இயக்கினர். நெறியாளர் மறைவில் நின்று சிறு குறிப்புகள் மூலம் அவரவர் செய்ய வேண்டியதை அறிவித்தனர். நாளுக்கு நாள் உணவைக் குறைத்தனர். இரவில் கூடாரத்தைச் சுற்றி ஒலிகளை எழுப்பினர். திரையிற் காணப்படும் களைப்பிலும் சினத்திலும் நடிப்பு எவ்வளவு, மெய் எவ்வளவு என்று பிரித்தறிதல் எளிதன்று.

எனினும், ஏமாற்று படத்தினுள் மாத்திரம் நிகழவில்லை. படம் வெளிவருமுன்னரே இணையத்தளம் ஒன்றில் அப்பழங்கதையும், காணாமற் போனோர் பற்றிய ‘சான்றுகளும்’ இடம்பெற்றன. 1999 ஜனவரியில் சண்டான்ஸ் திரைப்பட விழாவிலே மூவரையும் தேடும் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. திரைப்படத் தகவற்றளமொன்றில் அவர்கள் இறந்திருக்கலாம் எனக் குறிக்கப்பட்டிருந்தது. மெய்யான விவரணம் போன்ற நிகழ்ச்சியொன்று தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. நடிகர் மூவரும் பொதுமக்கள் கண்ணிற் படாது இருக்குமாறு கேட்கப்பட்டனர். சில பத்தாயிரம் டொலர் செலவில் எடுக்கப்பட்ட படம் உலகெங்கும் 24 கோடிக்கும் மேற்பட்ட டொலரை ஈட்டியது.

பார்வையாளர் கருத்துகளை மூவகையாகப் பகுக்கலாம். படத்தை மெய்யென்று நம்பி, பின்னர் உண்மையறிந்தோர் ஒரு சாரார். புனைவென்று அறிந்திருந்தும் அஞ்சியோர் மற்றொரு சாரார். படத்தில் எதுவும் நிகழவில்லை, சூனியக்காரியே தோன்றவில்லை, ஆடும் கமரா தலைச்சுற்றலையே தந்தது என்று குறைகூறியோர் மூன்றாஞ் சாரார். விமர்சகர் பலர் படத்தைப் பாராட்டினர். ஆனால், படம் பார்த்து வெளிவருவோரின் மதிப்பீட்டைத் திரட்டும் சினிமாஸ்கோர் நிறுவனம் பெற்ற சராசரித் தரம் ‘சி பிளஸ்’ மாத்திரமே.

மூன்றாஞ் சாராரின் குறை இரசனை சார்ந்தது. தொல்காப்பியர் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறைவன் என நான்கினைக் கூறுவர். இப்படம் அணங்கினைக் காட்டவே இல்லை; அணங்கினை அஞ்சுவோரின் மெய்யையே காட்டுகின்றது. உள்ளத்துணர்வு உடலின்கண் வெளிப்படுதலே மெய்ப்பாடு எனின், நடுங்கும் கையிலுள்ள கமராவின் நடுக்கமும் ஒரு மெய்ப்பாடே. அஞ்சுவானைக் கண்டு அஞ்சும் இயல்புடையோர் இப்படத்துக்கு வசமாயினர். அஞ்சப்படும் பொருளைக் காண விழைந்தோர் ஏமாந்தனர். இருவர் மீதும் குற்றமில்லை.

முதற் சாராரின் நிலை வேறு. 1817இல் ஆங்கிலக் கவிஞர் கொலரிட்ஜ், கலையை நுகர்வோன் தன் அவநம்பிக்கையை விரும்பி ஒதுக்கி வைக்கின்றான் என்றார். இங்கு ‘விரும்பி’ என்பதே உயிர்நாடியான சொல். மேடையும் திரைச்சீலையும் நடிகர் பெயர்ப்பட்டியலும், நிகழ்வது நாடகம் என்னும் உடன்பாட்டின் அடையாளங்கள். 1938 ஒக்டோபர் 30இல் ஒர்சன் வெல்ஸ் வானொலியில் ஒலிபரப்பிய ‘உலகங்களின் போர்’ நாடகம் செய்தியறிக்கையின் வடிவிலமைந்தது. அதனால் நாடெங்கும் பீதி பரவியது எனப் பத்திரிகைகள் எழுதியவை மிகைப்பட்டவை எனப் பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். எவ்வாறாயினும், அந்நாடகத்தின் தொடக்கத்திலே அது நாடகம் என்னும் அறிவிப்பு இருந்தது. ‘பிளேயர் விச்’ படத்தின் தொடக்க அறிவித்தலோ இதற்கு நேர்மாறானது. இங்கே பார்வையாளன் அவநம்பிக்கையை விரும்பி ஒதுக்கி வைக்கவில்லை. அது அவனிடமிருந்து கவரப்பட்டது.

இப்பொய்யால் எவருக்கும் தீங்கில்லையே என்று வாதிடுவோர் உளர். வள்ளுவரும் வாய்மையை, பிறர்க்குத் தீமை பயவாத சொல் என்றே வரையறுத்தார். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றார். இவ்வளவுகோலை ஏற்றுக்கொள்வோமாயின், வினா ‘இது பொய்யா?’ என்பதிலிருந்து ‘இதனால் தீங்குற்றவர் யார்?’ என்பதற்கு மாறுகின்றது. மாறவே, முதற் சாராரின் முறைப்பாட்டையும் நுணுகி ஆராய வேண்டியதாகின்றது.

அம்முறைப்பாடு ஒருமுகப்பட்டதன்று. ‘பொய் சொல்லி என் இரக்கத்தைப் பறித்துக்கொண்டனர்’ என்பது ஒரு முறைப்பாடு. அது நியாயமானது. நடிகையின் தாயாருக்கு அனுதாப அட்டைகள் வந்தன என்பது பதிவான செய்தி. அவற்றை அனுப்பியோர் அறிமுகமற்ற ஒருத்தியின் துயரைத் தம் துயராகக் கொண்டோர். இத்தகையோரின் இரக்கத்தை விளம்பரப் பொருளாக்குதல், மெய்யாகவே பிள்ளையை இழந்து தேடும் ஒரு தாயின் சுவரொட்டியையும் ஐயத்துடன் நோக்க உலகைப் பழக்குவதாகும். நம்பிக்கை பொதுச்சொத்து, அதிலிருந்து எடுத்துச் செலவிடுவோன் தன் கைப்பொருளைச் செலவிடுவதில்லை.

மற்றொரு முறைப்பாடும் எழுந்தது: ‘இது மெய்யல்லவாம், படம் பயனற்றது’ என்பது. இதனைக் கூறுவோன் இழந்தது யாது? மூன்று இளைஞர் இறந்தனர் என்று எண்ணியிருந்தான். அவர்கள் உயிரோடிருக்கின்றனர் என அறிந்தான். நன்னெஞ்சினனாயின் அவனுக்கு முதலில் தோன்ற வேண்டியது ஆறுதல். ஆறுதலுக்குப் பதிலாக ஏமாற்றம் தோன்றுமாயின், அவன் நுழைவுச்சீட்டு வாங்கியது மூன்று மரணங்களுக்காக என்று ஆகின்றது. ஏமாற்றியோர் பொய்யர் என்பது உண்மையே. ஆயினும், அப்பொய் இத்துணை விலைபோயிற்று எனின், அதை வாங்கும் வேட்கை முன்னரே சந்தையில் இருந்தது என்பதும் உண்மை.

நேரிற் காண அருவருக்கும் பொருள்களின் சாயலை ஓவியத்திற் கண்டு மகிழ்கின்றோம் என்று அரிஸ்ரோட்டில் கூறினார். அம்மகிழ்ச்சி சாயல் சாயலாக இருப்பதிலேயே தங்கியுள்ளது. சாயல் வேண்டாம், மூலமே வேண்டும் என்போன் கலையின் எல்லையைக் கடந்து, முற்காலத்தில் தூக்குமேடையைச் சூழ்ந்து நின்ற கூட்டத்துட் சேர்கின்றான். உண்மையை அறியும் ஆவலே தன்னை அழைத்து வந்தது என்று அவன் கூறக்கூடும். சாட்சியாக வருவோனுக்குச் சாட்சியின் கடமையும் உண்டு. கண்டதை உரியோரிடம் கூறல், இழந்தோரைத் தேற்றல், மீண்டும் நிகழாது தடுத்தல் என்பன அக்கடமைகள். இவற்றுள் ஒன்றையும் எண்ணாது இருக்கையிற் சாய்ந்திருந்து காண்போன் சாட்சியல்லன்.

இதே வகையைச் சார்ந்த முந்திய படமொன்று இங்கு ஒப்புநோக்கத்தக்கது. இத்தாலிய நெறியாளர் ருஜெரோ டியோடாட்டோவின் ‘கனிபல் ஹொலோகோஸ்ற்’ 1980இல் வெளிவந்தது. மிலான் நகரில் அதிகாரிகள் அதனைக் கைப்பற்றினர். நடிகர்களைக் கொன்றார் என்னும் ஐயம் நெறியாளர் மீது எழுந்தது. நடிகர்கள் உயிரோடிருப்பதைக் காட்டியே அவர் அக்குற்றச்சாட்டிலிருந்து மீண்டார். மனிதச் சாவுகள் பொய்யாயின. ஆனால், அப்படத்தில் விலங்குகள் மெய்யாகவே கொல்லப்பட்டன. நெறியாளரே பின்னாளில் அதற்காக வருந்தினார். மெய்போலத் தோன்றிய பொய்யைப் பற்றிய ஆரவாரத்தில், பொய்க்கதையினுள் நிகழ்ந்த மெய்யான கொடுமை பின்தள்ளப்பட்டது.

‘பிளேயர் விச்’ பற்றிய விவாதத்திலும் இதுவே நிகழ்ந்தது. ஏமாந்தோமா, அஞ்சினோமா, பணம் வீணாயிற்றா என்று பார்வையாளர் தம்மைப் பற்றியே வாதிட்டனர். இறந்தோராக அறிவிக்கப்பட்டு, உயிரோடிருந்த மூவரைப் பற்றிச் சிந்தித்தோர் சிலரே. அவர்களின் சொந்தப் பெயர்கள் படத்தின் உடைமை போலாயின. காட்டிலே பசித்து அழுத நடிகைக்கு அவ்வாண்டின் மிக மோசமான நடிகைக்கான ‘தங்க இராஸ்பெரி’ என்னும் ஏளனப் பரிசு வழங்கப்பட்டது. சில ஆண்டுகளின் பின்னர் அவர் நடிப்புத்துறையை விட்டு விலகினார். பிற்காலத்தில் தம் பெயரையும் மாற்றிக்கொண்டார். 2024இல், படம் வெளிவந்து கால் நூற்றாண்டின் பின்னர், மூவரும் பகிரங்கக் கடிதமொன்றை வெளியிட்டு, தமக்குரிய நியாயமான ஊதியத்தையும், தம் பெயரும் உருவமும் பயன்படுத்தப்படும்போது தம்மைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதையும் கோரினர். தீங்குற்றவர் யார் என்னும் வினாவுக்கான விடையின் பெரும்பகுதி அக்கடிதத்தில் உள்ளது.

இனி, அஞ்சுவதற்கு அப்பொய் இன்றியமையாததா என்பது எஞ்சி நிற்கின்றது. இதற்கு விடை தருவோர் இரண்டாஞ் சாரார். இன்று இப்படத்தைக் காண்போர் ஏறத்தாழ அனைவரும் அதைப் புனைவென்று அறிவர். அறிந்தும், இறுதிக் காட்சியில் பாழ்மனையின் மூலையிலே சுவரை நோக்கி ஒருவன் அசையாது நிற்பதைக் காணும்போது அஞ்சுவோர் அஞ்சுகின்றனர். ஆகவே, அச்சத்தை ஆக்கியது கலை. பொய் ஆக்கியது வருவாயை. கலைக்கு உரிய சுதந்திரத்தின் பெயரால் வணிகத்தின் பொய்யைக் காத்தலும், வணிகத்தின் பொய்யைக் காட்டிக் கலையைப் பழித்தலும் ஒரே பிழையின் இரு பக்கங்களாகும்.

நிகழாதவற்றை நிகழ்ந்தவை போலக் கணினியாற் படைத்துக் காட்டக்கூடிய இக்காலத்தில் இவ்வேறுபாடு ஒரு திரைப்படத்தின் அளவில் நிற்பதன்று. படைப்போன் ‘இது புனைவு’ என்று கூறும் கடமையிலிருந்து விடுபட முடியாது. காண்போனுக்கும் ஒரு கடமை உண்டு. திரையிற் கண்ட துயர் பொய்யென்று அறியவரும் வேளையில், தன் நெஞ்சில் முதலில் எழுவது ஆறுதலா ஏமாற்றமா என்று அவன் தன்னையே வினவிக்கொள்ள வேண்டும். அவ்வினாவுக்கு அவன் தரும் விடையை வேறெவரும் சரிபார்க்க இயலாது. அங்கு வாய்மை அவன் கையிலேயே உள்ளது.